கெடக்கட்டும்

அண்டாவின் குழாயைக் கழற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே கையை விட்டு உள்நட்டைப் பிடித்துக்கொண்டுதான் வெளிநட்டைத் திருக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் ரப்பர் வாஷர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். இதெல்லாம் எனக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஊசி போட்டு, கட்டுக் கட்டி, ஆஸ்பத்திரி வார்டிலேயே ஆயுசைக் கழித்தவள் நான். பீர் காய்ச்சுகிற அண்டாவைப் பிரித்துப்போட்டுக் கழுவிக்கொண்டு கோவில்பட்டி வெயிலில் உட்கார்ந்திருப்பேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இப்போது எதிரே சக்கர நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து என் கையையே பார்க்கிறார். தப்பாகக் கழற்றினால் அவருக்குப் புருவம் சுருங்கும். சரியாகக் கழற்றினாலும் சுருங்கும். வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான்.

"கெடக்கட்டும்."

கிடக்கட்டும் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. பேச்சையும் வாரிக்கொண்டு போனது. போகிற போக்கில் இந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சாப்பிடுதீங்களா என்றால் கெடக்கட்டும். வலிக்குதா என்றால் கெடக்கட்டும். நான் யாரு, சொல்லுங்க பாப்போம் என்றாலும் அதேதான்.

மூளையின் இடப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் மிஞ்சும். எதைக் கேட்டாலும் அதுதான் வரும். அந்தச் சொல்லுக்குரிய அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நர்ஸ் வேலை பார்த்த ஸ்காட்லாந்தில் எத்தனையோ பேருடைய மனைவிமார்களை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, நான் இதை விளக்கியிருக்கிறேன். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஒருத்திகூட நம்பியிருக்க மாட்டாள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஏனென்றால் நானும் நம்பவில்லை. ஒவ்வொரு தடவை அவர் சொல்லும்போதும், எதை என்று தேடுகிறேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் திருநெல்வேலியிலிருந்து வருகிறாள். வராத வாரம் போனில் கூப்பிடுவாள். சின்னப் பெண், ஆனால் பொய் சொல்ல மாட்டாள். "முதல் சில மாசந்தான் முக்கியம் ஆன்ட்டி. ரெண்டாவதா ஒரே ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும், அதப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறிரலாம். வரலைன்னா..." என்று இழுத்து நிறுத்தினாள். வரலைன்னா என்ன என்று எனக்குத் தெரியும். நானே சொல்லிக் கொடுத்த பாடம் அது. "அங்கிளுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அத முன்னால வச்சுப் பேசுங்க" என்றாள். அதனால்தான் இந்த அண்டா என் மடிக்கு வந்தது.

அவருக்குப் பிடித்தது ஸ்காட்லாந்துக்காரர்கள் காய்ச்சுகிற ஒரு முரட்டு பீர். ஏல் என்பார்கள் அதை. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவிலே ஒரு நிறம், ஒயின் அளவுக்குப் போதை. நான் அங்கே நர்ஸ் வேலைக்குப் போனபோது என்னோடு வந்தவர் அவர். இங்கே நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவருக்கு அங்கே ஒரு பெரிய சலவைக் கூடத்தில் பாய்லர் பார்க்கிற வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த ஒரு ஆள் இந்தக் கிறுக்கைப் பிடித்துவிட்டுவிட்டான். அந்த நாட்டில் வீட்டில் காய்ச்சிக் குடிக்கத் தடை இல்லை. கார் நிறுத்துகிற கொட்டகை முழுக்க அண்டாவும் வாளியும் செப்புச் சுருளுமாக நிறைந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாராய வாடை பட்டதில்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவர் என் அம்மா. எனக்கு எப்படி இருந்திருக்கும்!

"ஏல், ஏல்னு சொல்லுதீங்களே, யாரக் கூப்பிடுதீங்க? மாடு மேய்க்கவனையா?" என்று நக்கலடிப்பேன்.

"ஏலேன்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கும்ட்டி. அம்புட்டு மரியாதை உள்ள சரக்கு" என்பார்.

முளைகட்டி வறுத்த பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டு, வடிந்து வருகிற முதல் சாற்றைத் தனியாக எடுத்துக்கொள்வார். அதில் கொஞ்சத்தைச் சட்டியில் ஊற்றி, பாகு பதத்துக்கு வருகிற வரைக்கும் கிண்டிக் கிண்டிச் சுண்டவைப்பார். இந்த ஏலுக்கு அதுதான் உயிர் என்பார். அந்த வாடையை மட்டும் என்னால் திட்ட முடிந்ததில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், கொட்டகைக்குள் நம் ஊர் கடலை மிட்டாய்ப் பட்டறையில் வெல்லப்பாகு கொதிக்கிற வாடை அடிக்கும். நான் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிண்டுவார். பிறகு பாகை மீதிச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு, ஆறவைத்து, வாளிக்கு மாற்றி, ஈஸ்டைத் தூவி மூடிவிடுவார். குளிரில் மெதுவாகத்தான் பொங்க வேண்டும் அது. வாளி மூடியில் செருகின குழாயில் குமிழி வருவதைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை இல்லாத வீடு. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் பார்ப்பதற்கு.

பொங்கி அடங்கிய பிறகும் மாசக்கணக்கில் பாட்டிலில் கிடக்க வேண்டும். வருசக்கணக்கில் கிடந்தால் இன்னும் விசேஷமாம். "இன்னும் ஆகலியா?" என்று நான் கேட்பேன், சீக்கிரம் இடம் காலியாகட்டும் என்றுதான்.

"கெடக்கட்டும்ட்டி" என்பார். "இன்னும் பச்சை வாடை அடிக்கு."

அப்படி வந்த வார்த்தைதான். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். மற்ற வார்த்தையெல்லாம் போய் இது மட்டும் ஏன் தங்கியது என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

நான் ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்துவிட்டோம். பசுவந்தனை போகிற சாலையில், ஜன்னலைத் திறந்தால் கரிசல் காடு தெரிகிற மாதிரி ஒரு வீடு. சாமான்கள் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கின. கட்டிலைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்தவர், அண்டாவையும் வாளியையும் பழந்துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். "இங்கன காய்ச்சினா போலீஸுதான் வரும்" என்றேன். "காய்ச்ச மாட்டேன். வச்சிருக்கேன், அவ்வளவுதான். சாமானச் சுத்தமா வச்சிருக்கதும் ஒரு வேலதான்" என்றார். அது பொய் இல்லை. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் எதைக் கழுவினாலும் வெள்ளை வெள்ளையாகப் படியும். லாரித் தண்ணீர் வருகிற அன்றைக்கு ஒரு குடத்தை ஒதுக்கி, குழாயைப் பிரித்து, எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்துக் கழுவி, துடைத்து மாட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை மில் வைக்க வந்தவர்கள் என்று நினைத்தார்கள்.

கூட ஒரே ஒரு பாட்டில் வந்தது. அங்கே கடைசியாகக் காய்ச்சியதில் ஒன்று. என் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஊரில் வருகிற முதல் கிறிஸ்துமஸுக்கு உடைக்க வேண்டுமாம். நானும் ஒரு மடக்குக் குடிக்க வேண்டுமாம். "எங்க அம்மா கல்லறையிலருந்து எந்திரிச்சு வந்திருவா" என்றேன். "வரட்டும், அத்தைக்கும் ஒரு டம்ளர்" என்றார். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட மாடிப்படி ஏறினவர்தான், பாதிப் படியில் உட்கார்ந்தார். நான் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எல்லாம் தெரிந்தவளாக இருந்து என்ன செய்ய, ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் வேறு எதுவும் செய்யவில்லை.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு உதவிக்கு எப்போதும்வென்றான் ஊரிலிருந்து அவர் தங்கச்சி வந்து தங்கினாள். வேலைக்கு அஞ்சாதவள். ஒரு நாள் நான் மருந்து வாங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, முற்றத்தில் பீர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கம்பி நாரும் பவுடருமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் வாளியை மெத்தென்ற துணியால்தான் துடைக்க வேண்டும். கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி தங்கிக்கொள்ளும், அப்புறம் என்ன காய்ச்சினாலும் புளிக்கும். அதை என்னைக்கூடத் தொடவிட மாட்டார். இவர் நாற்காலியில் முறுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "கெடக்கட்டும்! கெடக்கட்டும்!" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

"பாத்தீங்களா மைனி" என்றாள் அவள், முகமெல்லாம் பூரித்துப்போய். "எனக்குச் சிரமம்னு வேண்டாங்கான். இப்படி ஆன பெறகும் அண்ணனுக்கு என் மேல எம்புட்டுப் பாசம்! இருக்கட்டும்ண்ணே, எனக்கு என்ன சிரமம், இந்தா முடிஞ்சிட்டு."

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். நோய் வந்த பிறகு அந்த வார்த்தை பொருந்தி வந்த இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அப்படியே கிடக்கட்டும், தொடாதே என்றுதான் கத்தியிருக்க வேண்டும். அதையும் ஒருத்தி உபசாரமாக எடுத்துக்கொண்டாள். யாரைத் திட்ட? வாளி பளபளவென்று இருந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினேன், அத்தனையும் கீறல். அவர் என் விரலைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாளி போனது, அண்டாவுக்கும் வினை வந்தது. சபையில் அசனப் பண்டிகை. ஊரே கூடிச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிற நாள், எல்லார் வீட்டுப் பெரிய பாத்திரமும் கோயிலுக்குப் போய்விடும். கோயில் வேலையெல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளை வந்து நின்றார். "குழா வச்ச அண்டா ஒண்ணு இருக்காமே. ரசம் ஊத்த வசதியா இருக்கும்மா" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மரியாதைக்கு இவரிடமும் ஒரு வார்த்தை கேட்டார். "அண்ணாச்சி, எடுத்துக்கிடட்டுமா?"

"கெடக்கட்டும்."

கோயில்பிள்ளை என்னைப் பார்த்தார். "குடுக்க மனசில்லையோ அவியளுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, கொண்டு போங்க" என்றேன். மதுவிலக்குச் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் அந்த அண்டாவிலிருந்து ரசம் பிடித்து ஊற்றிச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்த பிறகு நான் அதை அவர் காதில் சொன்னேன். முகத்தின் இடது பக்கம் மட்டும் மெல்ல மேலே போனது. சிரித்தார்! நோய்க்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுதான் சமயம் என்று, "ரசம்... சொல்லுங்க, ர..." என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டு கெஞ்சினேன். உதடு குவிந்தது, நெற்றி வேர்த்தது, என்னென்னவோ செய்தார் பாவம். வந்தது அதேதான்.

அதற்கப்புறம் தினமும் எங்களுக்கு அண்டாதான் பாடம். குழாய்க்குள் மிளகுத் தோலும் கொழுப்பும் அடைத்திருந்தன. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஏலில் நுரையே நிற்காது என்பார். சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, ஒவ்வொன்றாக அவர் முன்னால் தூக்கிப் பிடிப்பேன். "இது என்ன? குழாய். குழாய் சொல்லுங்க. இது? வாஷர். இது? மூடி." பிடித்த சாமானை முன்னால் வைத்தால் பேச்சு வரும் என்றார்களே. எதுவும் வரவில்லை. திரும்ப மாட்டித் தண்ணீர் ஊற்றினால் ஒழுகும். அவர் இடது கையை நீட்டி ஏதோ காட்டுவார், எனக்கு விளங்காது. அவருக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். தெரிந்ததைச் சொல்ல முடியாத ஒரு ஆளும், கேட்டுச் செய்ய முடியாத ஒரு ஆளும் ஓட்டை அண்டாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். கையாலாகாமல் இருப்பது என்றால் என்ன என்று அந்த நாட்களில் எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையில் அவருடைய பேச்சுக்காக ஜெபம் பண்ணினார்கள். எல்லாருக்கும் மேலே என் ஆமென்தான் சத்தமாகக் கேட்கும்.

அக்கினி வெயில் தொடங்கியது. காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளியது. ஒரு காலையில் சேலை எடுக்க இரும்பு பீரோவைத் திறந்தேன், கீழ்த்தட்டுக்கு எறும்பு சாரை பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. கம்பளிச் சட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்துப் பார்த்தேன். சூட்டில் உள்ளே மறுபடி பொங்கி, மூடியின் ஓரத்தைத் தளர்த்திக் கசிந்திருந்தது. பாட்டில் பாதிதான் இருந்தது. வீட்டிலேயே நிழலான இடம் என்று நான் பார்த்து வைத்த இடம் அது. எட்டு டிகிரி, பத்து டிகிரிக் குளிரில் கிடக்க வேண்டியதை இரும்புப் பெட்டிக்குள் வைத்து வேகவிட்டிருக்கிறோம்.

மறைத்துக் கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்கு இருக்கிற கண்ணும் மூக்கும் போதாதா, எறும்பு மருந்து அடிக்கிற வாடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது. அண்டாவுக்கு வராத வார்த்தை ஒருவேளை இதற்கு வரலாம். பாட்டிலை ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "கசிஞ்சிட்டுங்க. திறக்கட்டுமா?"

"கெடக்கட்டும்."

"இனிக் கெடக்க முடியாதுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன்.

மூடியை நெம்பினேன். சீறவில்லை, சத்தமே இல்லை. காடி வாடையும் நனைந்த அட்டை வாடையும் கலந்து வந்தது. அவருக்குத் தண்ணீரைக்கூட நேராகக் கொடுக்கக் கூடாது, புரை ஏறிவிடும். எதையும் மாவு கலந்து கூழாக்கித்தான் கொடுக்கிறோம். அதனால் வாய் துடைக்கிற பஞ்சுக் குச்சியின் முனையை நனைத்துப் பிழிந்து, அவர் நாக்கில் ஒரு ஒற்று ஒற்றினேன். கண்ணை மூடிக்கொண்டார். வாய்க்குள் நாக்கைப் புரட்டினார். அந்த நாட்டில் ஒவ்வொரு பாட்டிலையும் அப்படித்தான் பார்ப்பார், பார்த்துவிட்டு என்னென்னவோ சொல்வார், பேரீச்சம்பழம் என்பார், கருப்பட்டி என்பார், நான் காதிலேயே வாங்கமாட்டேன். இப்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்தார். பாட்டிலைப் பார்க்கவில்லை. தன்னுடைய வலது கையைப் பார்த்தார், மடியில் நான் எடுத்து வைத்த இடத்தில் அது இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கெடட்டும்" என்றார்.

நடுவில் இருந்த 'க்க' இல்லை. கிடக்கட்டும் இல்லை, கெட்டுப்போகட்டும். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தெளிவாக இருந்தது. நாக்குக் குழறி ஒரு எழுத்து நழுவியிருக்கலாம், அவருக்குக் குழறுவது புதிதில்லை. ஆனால் அத்தனை மாசமாக ஒரு தடவைகூட அந்த எழுத்து நழுவியதில்லை. "என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க, எது? பாட்டிலச் சொல்லுதீங்களா? உங்களச் சொல்லுதீங்களா?" என்று தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். அவர் வெளியே காட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் பேச்சுப் பயிற்சிப் பெண் போன் பண்ணினாள். "புதுசா ஏதாவது வார்த்தை வந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன்.

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். அண்டாவின் குழாயை இன்றைக்கும் பிரித்துக் கழுவுகிறேன், அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேட்டதற்கெல்லாம் பழையபடி கெடக்கட்டும் என்கிறார். அந்த இன்னொன்றை அவர் மறுபடி சொல்லவில்லை. பேச்சு திரும்பினால் அதைத்தான் சொல்வாரோ என்னவோ. சபையில் இன்னும் அவர் பேச்சு திரும்ப வேண்டும் என்று ஜெபம் பண்ணுகிறார்கள். எல்லாரும் ஆமென் சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை.